அச்சமும் வாக்கும்

(நகரக் குற்றங்களும் உள்ளூராட்சித் தேர்தலும் என்னும் பொருள் பற்றி, பிலிமத்தலாவையில் நிகழ்ந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தில் இன்னும் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் எம்மைப் பாடம் சொல்லும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். இச்சபையில் பத்துப் பதினைந்து தேர்தல்களைக் கண்ட மூத்தோர் இருக்கிறீர்கள். நாம் வாக்குச் சீட்டில் புள்ளடி இட்டது மூன்றே மூன்று முறை. 2024 ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் ஒன்று, அதே ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் ஒன்று, 2025 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் ஒன்று. ஆதலின் அனுபவத்தினால் உங்களுக்கு ஒன்றும் புகட்ட நாம் வரவில்லை. அந்த மூன்றாவது புள்ளடியை இடும்போது எம் கை ஏன் நடுங்கிற்று என்பதைச் சொல்லவே வந்தோம்.

கண்டிக்கு அணித்தான ஊர் ஒன்றில் எம் சின்னம்மா குடியிருக்கிறார். ஊரின் பெயர் வேண்டா. அவர் நகரத்துக் கடையொன்றில் வேலை செய்பவர். ஒரு நாள் மாலை இருட்டும் நேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கையில் நடந்து வந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயினர். அவ்வொழுங்கையில் மூன்று விளக்குக் கம்பங்கள் உண்டு. ஒன்றிலேனும் விளக்கு எரிவதில்லை. பொலிசில் முறைப்பாடு எழுதினோம். நாட்கள் கடந்தன, சங்கிலி வரவில்லை.

தேர்தல் நெருங்கிற்று. அவ்வட்டாரத்தில் போட்டியிட்டவர்களுள் ஒருவர் எம் வீடு தேடி வந்தார். ஊரார் அவரைக் காணும்போது மரியாதை செய்வார்கள்; காணாதபோது குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அவர் சின்னம்மாவின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "கவலைப்படாதீங்க அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இரண்டு நாளில் சங்கிலி வீடு வந்து சேர்ந்தது. சின்னம்மா அழுது கும்பிட்டார்.

அன்றிரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பொலிசாருக்குக் கிடைக்காத சங்கிலி இவருக்கு எங்கே கிடைத்தது?" ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. நெடுநேரத்தின் பின் எம் அப்பாயி சொன்னார்: "அதெல்லாம் நமக்கெதுக்குத் தம்பி? நாளைக்கு ஒன்னு நடந்தா யாருகிட்ட போறது? சட்டத்துகிட்டயா போறது?"

அன்பர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் முழுவதும் இவ்விரு கேள்விகளுக்குள் அடங்கும். அப்பாவின் கேள்வி நேர்மையின் கேள்வி. அப்பாயியின் கேள்வி அச்சத்தின் கேள்வி. அப்பாயி மூடர் அல்லர். 1977 ஆம் ஆண்டையும் 1983 ஆம் ஆண்டையும் கண்ணாற் கண்டவர். கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது எந்தச் சட்டமும் வந்து கதவருகில் நிற்கவில்லை என்பதை அறிந்தவர். ஆதலின் அவர் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எம்மால் இயலாது. அதற்கு விடை தேடுவதே எம் நோக்கம்.

குற்றத்தைக் குறித்த அச்சம் வாக்காளனை மூன்று வழிகளிற் பற்றுகிறது. ஒன்று, அவனை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. இரண்டு, அவனை ஒரு பாதுகாவலனிடம் துரத்துகிறது. மூன்று, அயலவனையே குற்றவாளியாகக் காட்டுகிறது.

முதலாவதைச் சுருங்கச் சொல்வோம். 1982 ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் இந்நாட்டு வாக்காளரில் 81 வீதத்தினர் வாக்களித்தனர். ஆறு ஆண்டுகளின் பின், 1988 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துச் சனாதிபதித் தேர்தலில் வாக்களித்தோர் 55 வீதத்தினரே. இடையில் மக்களுக்கு அரசியலில் வெறுப்பு உண்டாகிவிட்டதா? இல்லை. வாக்களிப்பவன் உயிரோடிரான் என்னும் மிரட்டல் ஊர்தோறும் சுவரொட்டியாக ஒட்டப்பட்டிருந்தது. அக்காலத்தில் ஆயுதமேந்தியிருந்த மக்கள் விடுதலை முன்னணியின் கட்டளை அது. மறுபுறத்தில் அரசின் படைகளும் துணைப்படைகளும் இளைஞரைக் கொன்று வீதியோரத்தில் எரித்தன. வடக்கிலே 1998 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாநகர சபைக்கு நெடுங்காலத்தின் பின் தேர்தல் நடந்தது. அவ்வாண்டிலேயே மேயர் சரோஜினி யோகேஸ்வரன் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த மேயர் பொன். சிவபாலனும் கொல்லப்பட்டார். இவை போர்க்காலத்துக் கொடுமைகள். நகரத்துத் திருட்டையும் கப்பத்தையும் இவற்றோடு ஒன்றாக வைத்தல் தகாது. ஆயினும் உயிரச்சம் வந்த இடத்தில் வாக்குரிமை வெறுங் காகிதமாகிவிடும் என்பதற்கு இவை சான்று.

எமது கண்டி மாவட்டமும் இதற்கு விலக்கல்ல. 2001 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தல் நாள். அன்று உடத்தலவின்னையில் முஸ்லிம் இளைஞர் பதின்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்விடம் இங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. எம் வயதை ஒத்த பத்துப் பிள்ளைகள். அந்நாளை அவ்வூர் தாய்மார் மறந்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது வழியே இன்றைய பேச்சின் நடுப்பொருள். அச்சம் கொண்டவன் பாதுகாவலனைத் தேடுவான். சட்டத்தின் பாதுகாப்பு எட்டாத தூரத்தில் இருந்தால், சண்டியனின் பாதுகாப்பு பக்கத்து வீட்டில் இருக்கும். இது எம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 1924 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரை அடுத்த சிசிரோ என்னும் சிறு நகரில் நகரசபைத் தேர்தல் நடந்தது. அல் கபோனின் கூட்டத்தார் துப்பாக்கியோடு வாக்குச் சாவடிகளைச் சூழ்ந்தனர்; எதிர்க்கட்சித் தொண்டரைக் கடத்தினர். பொலிசாரோடு நடந்த மோதலில் கபோனின் தமையன் பிராங்க் மாண்டான். ஆயினும் அவர்கள் ஆதரித்தவரே வெற்றி பெற்றார். கள்ளச் சாராய வியாபாரிக்கு ஒரு நகரசபை எதற்கு? தலைநகரத்து ஆட்சியைக் காட்டிலும் அனுமதிப்பத்திரம் கொடுக்கும் உள்ளூர் ஆட்சியே அவன் தொழிலுக்குக் கிட்டியது. குற்றவாளிகள் நாட்டை ஆள விரும்புவது அரிது. தாம் தொழில் செய்யும் தெருவை ஆள விரும்புவார்கள். உள்ளூராட்சித் தேர்தலைச் சிறு தேர்தல் என்று நாம் அலட்சியம் செய்கிறோமே, அவர்கள் அப்படிச் செய்வதில்லை.

இந்தியாவிலே குற்றவழக்கு உள்ளவர்களை மக்கள் ஏன் தெரிந்தெடுக்கிறார்கள் என்று மிலன் வைஷ்ணவ் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். மக்கள் அறியாமையினால் அப்படிச் செய்கிறார்கள் என்றே படித்தவர்கள் எண்ணுவது வழக்கம். அவர் கண்டது வேறு. வேட்பாளரின் குற்றத்தை மக்கள் நன்றாக அறிவார்கள், அறிந்தே வாக்களிக்கிறார்கள். அரசு செய்ய வேண்டியதைச் செய்யாத இடத்தில், அதைச் செய்து தரும் வலிமை இவனுக்கு உண்டு என்று நம்புகிறார்கள். எம் அப்பாயி அந்நூலைப் படித்தவர் அல்லர். ஆயினும் அதையே சொன்னார்.

இனி எம் நாட்டுக்கு வருவோம். 2011 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆந் திகதி கொழும்பு உட்படப் பல சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. அன்று கொழும்பை அடுத்த முல்லேரியாவில் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர என்னும் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரும் வேறு மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் மரண தண்டனை பெற்றவர்களுள் ஒருவர் அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வா. இருவரும் ஒரே கட்சியினர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. 2018 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2021 ஆம் ஆண்டில் சனாதிபதி மன்னிப்பு அளித்தார். 2024 ஆம் ஆண்டு தை மாதத்தில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பைச் செல்லாதென்று தள்ளியது.

ஒரே கட்சிக்குள் ஏன் இத்தனை பகை? அதற்கு விருப்பு வாக்கு முறையும் ஒரு காரணம். அம்முறையில் வாக்காளர் கட்சிக்கு வாக்களித்தபின், அக்கட்சிப் பட்டியலில் தாம் விரும்பிய மூவரைக் குறிக்கலாம். ஆகவே வேட்பாளனுக்கு எதிர்க்கட்சிக்காரன் மட்டும் போட்டியாளன் அல்லன். தன் பட்டியலிலுள்ள தோழனும் போட்டியாளன். ஊர் முழுவதும் சுவரொட்டி ஒட்ட வேண்டும். ஒட்டியதைக் கிழிக்க வருபவனை விரட்ட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். பணமும் ஆளும் ஒருங்கே உடையவர் யார்? கப்பம் வாங்குவோரும் போதைப்பொருள் விற்போரும். இவ்வாறு நகரத்துக் குற்றம் தேர்தலுக்கு முதல் போட்டது. தேர்தல் முடிந்தபின் வட்டியோடு திரும்பப் பெற்றது.

முறையை மாற்றவேண்டும் என்னும் பேச்சு முன்னரே இருந்தது. 2012 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தினால் உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு ஒழிந்தது. வட்டார முறை மீண்டும் வந்தது. பின்னர் செய்த திருத்தத்தின்படி நூற்றுக்கு 60 உறுப்பினர் வட்டாரத்திலிருந்தும், 40 பேர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருவர். இப்புதிய முறையில் முதன்முதல் நாடளாவிய தேர்தல் நடந்தது 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆந் திகதி. முன்னைய தேர்தல்களோடு ஒப்பிட அது அமைதியாகவே நடந்தது. சட்டத்தின் ஒரு விதியை மாற்றினால் தெருவிலே துப்பாக்கியின் தேவை குறையும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆயின் வட்டார முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. வட்டாரம் சிறியது. வேட்பாளனை நாம் அறிவோம், அது நன்மை. அவனும் எம்மை அறிவான், எம் வீட்டு வாசலை அறிவான், அது அச்சம். ஒரு நகரம் முழுவதையும் மிரட்டப் பெருங்கூட்டம் வேண்டும். ஒரு வட்டாரத்தை மிரட்ட நாலு பேர் போதும். சில சமயம் மிரட்டவும் வேண்டியதில்லை. ஒரு சங்கிலியை மீட்டுக் கொடுத்தாற் போதும்.

மூன்றாவது வழி எல்லாவற்றிலும் கொடியது. குற்றத்துக்கு இனத்தின் முகத்தை ஒட்டிவிடுவது அது. மேற்சொன்ன 2018 ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்து இரு வாரம் ஆகுமுன், தெல்தெனியாவில் வீதியிலே ஒரு தகராறு. லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டுச் சில நாட்களில் உயிர் நீத்தார். அது ஒரு குற்றம்; விசாரிக்கவும் தண்டிக்கவும் சட்டம் உண்டு. ஆயின் தாக்கியவர் முஸ்லிம்கள், மாண்டவர் சிங்களவர் என்பதைக் கொண்டு, திகனையிலும் அயலூர்களிலும் அக்குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 ஆந் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. கைத்தொலைபேசியிற் பரவிய வதந்தியை நிறுத்த முகநூல் முதலியவற்றை அரசு தடுக்க வேண்டியதாயிற்று. நாம் அப்போது மிஷன் பள்ளியிற் படித்துக்கொண்டிருந்தோம். எம் வகுப்பிலே நால்வகைச் சமயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளி மீண்டும் தொடங்கியபோது எவரும் எவர் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. எங்கள் பெற்றோர் 1983 ஆம் ஆண்டைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

திருடன் ஒருவனைத் திருடன் என்று சொல்வதோடு நின்றால் அவன் ஒருவன்தான். அவனுக்கு ஓர் இனத்தின் பெயரைச் சூட்டிவிட்டால் ஆயிரம் பேர் எதிரியாகிறார்கள். அந்த ஆயிரம் பேரைக் காட்டி வாக்குச் சேர்ப்பது எளிதாகிறது. ஆதலின் தேர்தல் மேடையில் ஒருவர் குற்றத்தைப் பற்றிப் பேசும்போது, அவர் செயலைக் கண்டிக்கிறாரா சாதியையும் சமயத்தையும் கண்டிக்கிறாரா என்று நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எம்மவரைப் பற்றியதாக இல்லாதபோதும் கேட்க வேண்டும்.

இனி, அச்சத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயோர்க் நகரில் 1990 ஆம் ஆண்டில் 2,245 கொலைகள் நிகழ்ந்தன. அப்போது மேயராக இருந்தவர் டேவிட் டிங்கின்ஸ். அவர் பொலிசாரின் தொகையைப் பெருக்கத் திட்டம் வகுத்தார். 1993 ஆம் ஆண்டில் கொலைகள் 1,946 ஆகக் குறைந்தன. ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். குற்றத்தை ஒடுக்குவேன் என்று முழங்கிய ரூடி ஜூலியானி சிறிய வித்தியாசத்தில் வென்றார். தோல்விக்குக் காரணங்கள் பல. ஆயினும் குற்றம் குறையத் தொடங்கிய பின்னும் அச்சம் குறையவில்லை என்பது அவற்றுள் ஒன்று. மக்கள் கணக்கைப் பார்த்து வாக்களிப்பதில்லை. இரவிலே தெருவில் நடக்கும்போது நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பதைக் கொண்டு வாக்களிக்கிறார்கள்.

ஆயின் நியூயோர்க் மேயருக்கும் எம் கண்டி மேயருக்கும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. அங்கே பொலிஸ் தலைவரை நியமிப்பவர் மேயர். இங்கே அப்படி இல்லை. எமது பொலிஸ் கட்டளைச் சட்டம் பிறந்தது 1865 ஆம் ஆண்டில். கண்டி மாநகர சபைக்கு வழிவகுத்த சட்டம் பிறந்ததும் அதே 1865 ஆம் ஆண்டில். இரண்டும் ஒரே ஆண்டிற் பிறந்த பிள்ளைகள்; ஆயினும் ஒன்றின் சொல்லை மற்றது கேட்க வேண்டியதில்லை. மாநகர சபையாயினும், கடுகண்ணாவை நகர சபையாயினும், பிரதேச சபையாயினும், ஒரு பொலிஸ்காரரை இடம் மாற்றவும் அவற்றுக்கு அதிகாரம் இல்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணங்களுக்கு ஏட்டிலே கொடுத்த பொலிஸ் அதிகாரமும் நடைமுறைக்கு வரவில்லை.

அப்படியாயின் உள்ளூராட்சித் தேர்தலில், "நான் வந்தால் திருட்டை ஒழிப்பேன், போதைப்பொருளை ஒழிப்பேன்" என்று சொல்பவர் எதைக் கொண்டு ஒழிப்பார்? சட்டம் தந்த கை அவருக்கு இல்லை. இருப்பது வேறு கையாயின் அது எத்தகைய கை என்று கேட்க வேண்டாமா? அப்பாவின் கேள்வி இங்கேதான் எழுகிறது.

சபையால் ஒன்றும் செய்ய இயலாதா என்றால், இயலும். தெருவிளக்கு சபையின் வேலை. ஒழுங்கையைச் செப்பனிடுவதும், புதர் மண்டிய பொது நிலத்தை வெளியாக்குவதும் சபையின் வேலை. சந்தையும் பொது மலசலகூடமும் சபையின் பொறுப்பு. வியாபார உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் சபை. நூல்நிலையமும் விளையாட்டுத் திடலும் சபை. இவை குற்றத்தோடு சம்பந்தமற்றவை என்று எண்ணற்க. 2016 ஆம் ஆண்டில் அதே நியூயோர்க்கில் அரசாங்கக் குடியிருப்புகள் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கல் போலத் தெரிந்தெடுத்து, அவற்றில் பெரிய விளக்குகளை நாட்டினார்கள். விளக்கு வைத்த இடங்களில் இரவு நேரத்து வெளிப்புறக் கடுங்குற்றங்கள் நூற்றுக்கு 36 அளவு குறைந்ததாக ஆய்வாளர் கண்டனர். மேடையிலே பேசிய வீரத்தைக் காட்டிலும் கம்பத்திலே எரிந்த விளக்கு ஊரைக் காத்தது.

தோட்டங்களில் வாழும் எம்மவர் கதையை இங்கே நினைவூட்ட வேண்டும். 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் எம் பாட்டன்மார் பலர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். அவற்றைச் சிறுகச் சிறுகத் திரும்பப் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வாக்கு வந்த பின்னும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக நின்றபடியால், சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தாராளமாகச் செலவு செய்ய இயலாதிருந்தது. வாக்கு உண்டு, விளக்கு இல்லை என்னும் நிலை. 2018 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. இன்று லயத்துப் பாதைக்கு விளக்குக் கேட்க எமக்கு உரிமை உண்டு. கேட்கிறோமா?

2025 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் பெப்ரவரி 19 ஆந் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் பாதாள உலகத்தைச் சேர்ந்த ஒருவனைச் சுட்டுக் கொன்றான். அடுத்தடுத்துப் பல இடங்களில் துப்பாக்கிச் சூடுகள். பாதுகாப்பு எங்கே என்று எதிர்க்கட்சிகள் மேடைதோறும் கேட்டன. பழைய அரசியல் வளர்த்த பாதாள உலகத்தை நாம் களையெடுக்கிறோம் என்று ஆளுங்கட்சியினர் மறுமொழி கூறினர். முந்திய நவம்பர் மாதப் பாராளுமன்றத் தேர்தலில் 61 வீதத்துக்கு மேல் பெற்றிருந்த தேசிய மக்கள் சக்தி, மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் 43 வீதம் பெற்று, பல சபைகளில் முதலிடத்தில் நின்றது. இக்குறைவு குற்ற அச்சத்தினால் வந்ததென்று சொல்வது பிழை. உள்ளூர்த் தேர்தலில் உறவும் ஊரும் பேசும், விலைவாசியும் பேசும், வாக்களிக்க வராதவர்களும் ஒரு வகையிற் பேசுவர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் வெலிகமைப் பிரதேச சபைத் தலைவர் தம் அலுவலகத்திலேயே சுடப்பட்டு மாண்டார். சிறு சபையின் கதிரையும் துப்பாக்கிக்கு எட்டாத உயரத்தில் இல்லை.

பெரியோர்களே, எம்மவர் இதைப் பற்றி முன்னரே சிந்தித்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்கு அணித்தாக உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. காலம் 919, 921 ஆம் ஆண்டுகள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை இட்டு வாரிய உறுப்பினரைத் தெரிந்த முறை அவற்றிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதிலே நாம் வியப்பது, யார் ஆகலாம் என்பதைப் போலவே யார் ஆகலாகாது என்பதும் விரிவாக எழுதப்பட்டமை. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் ஆகான். அவன் நெருங்கிய உறவினரும் ஆகார். பிறர் பொருளைக் கவர்ந்தவன் ஆகான். பெரும் பாதகம் செய்தவன் ஆகான். அது அந்தணர் சபை. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார், குற்றம் செய்தவன் கையில் ஊரைக் கொடுப்பதில்லை என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். நாம் காகிதத்திலேனும் எழுதி வைத்திருக்கிறோமா?

மிஷன் பள்ளியில் எமக்கு விவிலிய பாடமும் உண்டு. நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோதாம் என்பவன் சொன்ன கதை ஒன்று இப்போது நினைவுக்கு வருகிறது. மரங்கள் தமக்கு ஓர் அரசனைத் தேடின. ஒலிவ மரத்தைக் கேட்டன. அது தன் எண்ணெய்த் தொழிலை விட்டு வர மறுத்தது. அத்தி மறுத்தது, திராட்சை மறுத்தது. கடைசியில் முட்செடியைக் கேட்டன. அது உடனே இசைந்து, என் நிழலில் ஒதுங்குங்கள், இல்லையேல் என்னிலிருந்து நெருப்புப் புறப்பட்டு உங்களை எரிக்கும் என்றதாம். தன் சகோதரரைக் கொன்று அரசனான அபிமெலேக்கு என்பவனைக் குறித்துச் சொன்ன கதை அது. வீணரைக் கூலிக்கு அமர்த்தி அக்கொலையைச் செய்தான் என்று அவ்வாகமம் கூறுகிறது. பள்ளியிலே நாம் அதை மனப்பாடம் செய்து புள்ளி வாங்கினோம். பொருள் விளங்கியது சின்னம்மாவின் சங்கிலி திரும்பி வந்த அன்றுதான். பாதுகாப்பேன் என்னும் சொல்லும் எரிப்பேன் என்னும் சொல்லும் ஒரே வாயிலிருந்து வந்தால் அது முட்செடியின் நிழல்.

இக்கதையில் முட்செடி மட்டும் குற்றவாளி அன்று. ஒலிவமும் அத்தியும் திராட்சையும் தத்தம் தொழிலே பெரிதென்று ஒதுங்கின. படித்தவர்களும் நல்லவர்களும், அரசியல் எமக்கு ஒத்துவராது என்று விலகி நிற்கும் எம் ஊர்களை அது காட்டுகிறது. முதற் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே என்ன செய்வோம்? மூன்று காரியங்களை இச்சங்கத்தின் இளைஞர்முன் வைக்கிறோம்.

முதலாவது, எரியாத விளக்குகளைக் கணக்கெடுப்போம். எம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஒழுங்கையிலுள்ள கம்பங்களை எண்ணி எழுதட்டும். பட்டியலைச் சபைக்குக் கொடுத்து, மறுமொழி வந்த திகதியையும் வராத மாதங்களையும் குறித்து வைப்போம். அடுத்த தேர்தலில் வேட்பாளர் வரும்போது அப்பட்டியலே எம் கேள்வித்தாள்.

இரண்டாவது, வேட்பாளரைத் தெரிந்து தெளிவோம். குற்றவாளிகளையும் இலஞ்சம் வாங்குவோரையும் வேட்பாளராக நிறுத்தாதீர் என்று கட்சிகளைக் கேட்கும் மார்ச் 12 இயக்கம் 2015 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இயங்குகிறது. வேட்பாளர் தேர்தற் செலவைக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2023 ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் வந்துள்ளது. அக்கணக்கை எம்மில் ஒருவரேனும் கேட்டுப் படித்ததுண்டா? கணக்குக் காட்டாதவன் ஆகான் என்று உத்திரமேரூரார் எழுதியதன் பொருள் அதுவே.

மூன்றாவது, முறைப்பாடு செய்யப் போகிறவரைத் தனியே போக விடாதிருப்போம். எம் அப்பாயியின் கேள்விக்கு இதுவே விடை என்று நாம் கருதுகிறோம். நாளைக்கு ஒன்று நடந்தால் யாரிடம் போவது? சட்டத்திடமே போவது, ஆயின் ஒருவராகப் போகாமல் பத்துப் பேராகப் போவது. தனி ஒரு பெண் போய் நின்றால் ஏட்டில் எழுதி வைப்பார்கள். பத்துப் பேர், அதிலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களுமாகப் பத்துப் பேர், வாரந்தோறும் போய், "அந்த முறைப்பாடு என்னாயிற்று?" என்று கேட்டால் ஏடு திறக்கும். சண்டியனின் நிழல் தேவைப்படுவது தனித்து நிற்பவனுக்கே.

எம் வீட்டுக் கதையை முடிக்கவில்லை. தேர்தல் நாள் வந்தது. எம் வீட்டில் ஐந்து வாக்கு. வாக்குச் சாவடியின் மறைப்புக்குள்ளே நின்றபோது சின்னம்மாவின் கழுத்துச் சங்கிலி எம் கண்முன் நின்றது. எம் கை ஒரு கணம் அவர் சின்னத்தின் அருகே போய் நின்றதை இச்சபையில் மறைக்க மாட்டோம். பின்பு எங்கே புள்ளடி இட்டோம் என்பது இரகசியம். அந்த இரகசியத்தைச் சட்டம் எமக்குத் தந்திருக்கிறது. அவர் வென்றார். அந்த ஒழுங்கையில் இன்றும் விளக்கில்லை. அவருக்கு விளக்குப் போட நேரமில்லையா, இருட்டு அவருக்கு வேண்டியிருக்கிறதா என்பது எமக்குத் தெரியாது. சின்னம்மா சங்கிலியை அணிவதை விட்டுவிட்டார்.

பிலிமத்தலாவை பித்தளைத் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர். கொழும்பு வீதியால் போகிறவர்கள் இங்கே இறங்கி விளக்கு வாங்கிப் போகிறார்கள். ஊருக்கெல்லாம் விளக்குச் செய்து கொடுக்கும் இவ்விடத்திலே கூடியிருந்து நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஒரு விளக்கு. அதன் கீழே அச்சமின்றி நடந்து வீடு சேரும் ஒரு சின்னம்மா. அவ்வளவே. அதைச் சலுகையாக வாங்காமல் உரிமையாகக் கேட்கக் கற்றுக்கொண்டால், அடுத்த முறை எம் கை நடுங்காது.